பாரூர் ஏரி... போலந்து சர்வர்!



முதல்ல சின்னதா ஒரு கணக்கு. காலேஜ் கணக்கு இல்லை, தோப்புக் கணக்கு. பயப்படாம வாங்க.

பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பழைய மாந்தோப்புகளில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நடுகிற வழக்கம் உண்டு. தாத்தாவைக் கேட்டால் "முப்பது, முப்பத்தஞ்சு அடி" என்பார். அப்படி நட்டால் ஏக்கருக்கு 40 மரம். இப்போ அந்தத் தோப்பிலிருந்து நேரா 786 கிலோமீட்டர் மேலே போங்க. சென்டினல்-2 என்ற பெயரில் ஐரோப்பாவின் செயற்கைக்கோள்கள் அங்கே சுத்திக்கிட்டு இருக்கு. அவை எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஏக்கருக்கு 40 புள்ளி. மரத்துக்கு ஒரு புள்ளி!

காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், நீங்க கடைசி பெஞ்சில் கொட்டாவி விடுற நேரத்தில், அது பர்கூரைத் தாண்டிப் போகும். முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனில் போச்சு. 2017 மார்ச்சில் ரெண்டாவதும் சேர்ந்த பிறகு அஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஆஜர். உங்க மாமா தோப்பு, காலேஜ் கிரவுண்டு, ஜவுளிக் கடைகளின் கூரை, கிரானைட் குவாரி எல்லாமே அதில் பதிவாகி இருக்கு. படம் பர்கூருடையது. அது பத்திரமா உட்கார்ந்திருப்பது ஐரோப்பாவில் ஒரு கம்ப்யூட்டர் கிடங்கில். கேட்டால் உங்களுக்கும் கொடுப்பாங்க, காசு வாங்காம.

"சரி பாஸ், அதை வெச்சு நான் என்ன பண்றது?"

ஃபைனல் இயர் வரட்டும், தெரியும். அப்போ காலேஜ் வாசலில் நோட்டீஸ் பறக்கும். "ரெடிமேட் ப்ராஜெக்ட்! டாக்குமென்டேஷனோடு, வைவா கேள்வி பதிலோடு!" அப்பா மாங்கா லோடு ஏத்திச் சம்பாதிச்ச காசைக் கொடுத்து, யாரோ எப்பவோ எழுதின ப்ரோகிராமை சி.டி.யிலோ பென் டிரைவிலோ வாங்கிட்டு வருவோம். எக்ஸ்டர்னல் "இந்த டேட்டா எங்கேருந்து வந்துச்சு?"ன்னு கேட்டதும் தொண்டையில் கிச்கிச். சொந்த ஊரின் பத்து வருஷப் படம் இலவசமா கிடக்கும்போது இந்தக் கூத்து எதுக்கு? இந்த வாரம் அந்தப் படம் எப்படிச் செய்யப்படுது, எப்படி நம்ம கைக்கு வருது, எங்கே நம்மைக் கவுத்துவிடும்னு பேசலாம்.

மாங்காய் கூழாகிற கதை

செயற்கைக்கோள் 'க்ளிக்' பண்ணினதும் படம் ரெடின்னு நினைக்காதீங்க. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிக்குள்ள எட்டிப் பார்த்திருக்கீங்களா? லாரியில் வர்ற பெங்களூரா மாங்காயை அப்படியே டின்னில் போட முடியாது. கழுவணும், பழுக்க வைக்கணும், தோலும் கொட்டையும் போகணும், கூழாக்கணும், சூடாக்கணும், அடைச்சு லேபிள் ஒட்டணும். அப்புறம்தான் கப்பல். செயற்கைக்கோள் டேட்டாவும் அச்சு அசல் அதேதான்.

முதல்ல லோடு இறக்கணும். பர்கூருக்கு மேல எடுத்ததைச் செயற்கைக்கோள் தன் மெமரியில் வெச்சுக்கும். வடக்கு தெற்கா துருவங்களை ஒட்டிச் சுத்துறதால, சுமார் 100 நிமிஷத்துக்கு ஒரு தடவை வட துருவம் பக்கம் போயே ஆகணும். அங்கே நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் பெரிய பெரிய ஆன்டெனாக்கள் காத்திருக்கு. அது 78 டிகிரி வடக்கு, பனிக்கரடி ஏரியா. (நம்ம சூளகிரி 78 டிகிரி கிழக்கு. இந்த எண்ணை மறந்துடாதீங்க, பின்னாடி வேலை இருக்கு.) இத்தாலியின் மட்டேரா, ஸ்பெயினின் மாஸ்பலோமாஸ் ஆகிய இடங்களிலும் இறக்குமதி நிலையங்கள் உண்டு. அவசரம்னா, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிக்கிற இன்னொரு செயற்கைக்கோளுக்கு லேசர் கதிரில் தூக்கிப் போட்டு, அது வழியா ஐரோப்பாவுக்கு இறக்குறதும் நடக்குது.

இறங்கினது வெறும் எண் குவியல். இதுக்கு 'லெவல்-0'ன்னு பேரு. லாரியில் வந்த மாங்கா. அடுத்து 'லெவல்-1'. கேமராவுக்குள் ஆயிரக்கணக்கில் உணர் புள்ளிகள் இருக்கு. ஒண்ணு கொஞ்சம் கூடுதலா காட்டும், ஒண்ணு குறைச்சலா காட்டும். அதையெல்லாம் சமன் செய்யணும். மேடு பள்ளத்தைச் சரி செய்யணும். இல்லேன்னா மலை உச்சி தள்ளிப் போய் உட்காரும். கிருஷ்ணகிரி, சூளகிரி, ராயக்கோட்டைன்னு எங்கே பார்த்தாலும் பாறை மலை இருக்கிற நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம். அப்புறம் பூமியை சுமார் 110 கிலோமீட்டர் சதுரங்களா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வெச்சு அடுக்குவாங்க. இந்தத் துண்டுக்கு 'டைல்'னு பேரு. வீட்டுத் தரையில் ஒட்டுறோமே, அதே டைல்தான்.

கடைசியில் 'லெவல்-2'. இதுதான் உங்களுக்கு வேணும். மேலேருந்து பார்க்கும்போது நடுவில் காத்து, தூசி, நீராவி எல்லாம் இருக்கு இல்லையா? அதனால் தரையின் நிறம் மாறித் தெரியும். அந்தப் புகைமூட்டத்தைக் கணக்குப் போட்டுக் கழிச்சு, 'தரை உண்மையில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புது'ன்னு சொல்றதுதான் லெவல்-2. கூடவே எது மேகம், எது மேக நிழல், எது தண்ணின்னு புள்ளி புள்ளியா குறிச்ச ஒரு அடுக்கும் வரும். ஒரு டைல் 1 ஜி.பி. வரைக்கும் வரலாம். ஹாஸ்டல் நெட்டில் மெஸ் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிடுங்க.

இவ்வளவையும் விநியோகம் பண்ண ஒரு பெரிய கடை வேணுமே? ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் பூமி ஆய்வு மையம் இத்தாலியில், ரோமுக்குப் பக்கத்தில் ஃப்ராஸ்காட்டியில் இருக்கு. முதல்ல அவங்களே ஒரு தளம் நடத்தினாங்க. கூட்டம் தாங்கலை, பழைய படம் கேட்டால் 'ஆர்டர் போட்டுட்டு காத்திரு'ன்னு சொல்லும். 2023 ஜனவரியில் 'கோபர்நிகஸ் டேட்டா ஸ்பேஸ்'னு புதுக் கடை திறந்து, அந்த வருஷமே பழைய கடைக்கு ஷட்டர் போட்டாங்க. புதுக் கடையை நடத்துறது ஜெர்மனியின் டி-சிஸ்டம்ஸ் தலைமையில் ஒரு கூட்டணி. போலந்தின் கிளவுட்ஃபெரோ கிடங்கு வேலை பார்க்குது. படத்தைத் திறந்து பார்க்கிற பிரவுசரைச் செஞ்சது ஸ்லோவேனியாவில் பிறந்த சினெர்ஜைஸ். நம்ம ஊர் மாங்கூழ் டின் ஐரோப்பாவுக்குப் போகுது. அந்த மாமரத்தின் படம் அங்கேருந்து இங்கே வருது. கணக்கு நேர்!

ஆனா ஒரு காலத்தில் நாமதான் வித்தோம்

'எல்லாம் வெள்ளைக்காரன் குடுக்கிறான், நாம வாங்கிக்கிறோம்'னு முடிவு கட்டிடாதீங்க. இதில் ஒரு தலைகீழ் கதை இருக்கு.

சோதனைக் கட்டம் தாண்டி முழுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்-1ஏ. 1988 மார்ச் 17-ல் சோவியத் ராக்கெட்டில் பைக்கனூரிலிருந்து போச்சு. 1995 டிசம்பரில் போன ஐ.ஆர்.எஸ்-1சி தான் கில்லி. அதன் கருப்பு வெள்ளை கேமராவில் ஒரு புள்ளி 5.8 மீட்டர். அப்போ பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைச்ச செயற்கைக்கோள் படங்களில் உலகத்திலேயே கூர்மையானது அதுதான். 1999-ல் அமெரிக்காவின் ஐகோனோஸ் வர்ற வரைக்கும் கிரீடம் நம்ம தலையில். ஜெர்மனியின் வடக்கே நாய்ஸ்ட்ரெலிட்ஸ்னு ஒரு ஊர். (சிரிக்காதீங்க, அவங்க அப்படித்தான் சொல்றாங்க.) அங்கே ஆன்டெனா போட்டு நம்ம செயற்கைக்கோள் டேட்டாவை இறக்கி, யூரோமேப் என்ற நிறுவனம் மூலமா ஐரோப்பா முழுக்க வித்தாங்க. ஆமா, வித்தாங்க. காசுக்கு!

இன்னும் கேளுங்க. எங்கே காடு, எங்கே வயல், எங்கே ஊர்னு ஐரோப்பா முழுக்க 2006-ம் வருஷத்துக்கு ஒரு நிலப்பயன்பாட்டு வரைபடம் தயார் பண்ணினாங்க. அதுக்கான படங்களை ஃபிரான்ஸின் ஸ்பாட் செயற்கைக்கோள்களோட சேர்ந்து கொடுத்தது நம்ம ரிசோர்ஸ்சாட்-1. 2003 அக்டோபர் 17-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில் போன அதே ஆள். ஐரோப்பாக்காரன் தன் வயலைப் பார்க்க இந்தியக் கண்ணைக் கடன் வாங்கின காலம் அது.

அந்த நேரத்தில் பர்கூரில் ஒரு ஸ்டூடண்ட்டுக்கு அதே ரிசோர்ஸ்சாட் படம் வேணும்னா? ஹைதராபாத்துக்கு ஆர்டர் போடணும். ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கட்டணும். ப்ராஜெக்ட் பட்ஜெட்டே ஸ்பைரல் பைண்டிங்கோடு முடிஞ்சு போற நமக்கு அது நடக்கிற காரியமா? நம்ம தலைக்கு மேல, நம்ம செயற்கைக்கோள், நம்ம வயலை எடுத்த படம்... நமக்குத்தான் எட்டலை.

அப்புறம் எல்லாத்தையும் புரட்டிப் போட்டது 2008. அமெரிக்கா 1972-லிருந்து லேண்ட்சாட் படங்களை எடுத்துக்கிட்டு இருந்தது. ஒரு படம் 600 டாலர். அந்த விலையில் நாளைக்குச் சராசரியா 53 படம்தான் போச்சு. 2008-ல் 'எல்லாம் இலவசம்'னு அறிவிச்சாங்க. நாளைக்கு ஆயிரக்கணக்கில் போக ஆரம்பிச்சது! படம் எடுக்கிற செலவு எப்படியும் ஆகிப்போச்சு. பூட்டி வெச்சா பயன் 53 பேருக்கு, திறந்து விட்டா ஊருக்கே. ஐரோப்பா இதைக் கவனிச்சது. அதுக்கு முன்னாடி அவங்களும் லேசுப்பட்ட ஆளுங்க இல்லை. 2002-லிருந்து 2012 வரை உழைச்ச என்விசாட் படம் வேணும்னா, 'நான் இன்ன ஆராய்ச்சி செய்யப் போறேன்'னு திட்டம் எழுதி அனுப்பி, அவங்க சரின்னு சொல்லணும். 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது: கோபர்நிகஸ் டேட்டா முழுக்கத் திறந்தது, இலவசம், எந்த நாட்டுக்காரரும் எடுத்துக்கலாம். செலவு ஐரோப்பிய மக்களின் வரிப்பணம்.

2018 மார்ச் 19-ல் நம்ம விண்வெளித் துறையும் ஐரோப்பிய ஆணையமும் டேட்டா பகிர்ந்துக்க ஓர் ஏற்பாட்டில் கையெழுத்து போட்டாங்க. எங்கே தெரியுமா? பர்கூரிலிருந்து பஸ் ஏறினா நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் வர்ற பெங்களூரில். இந்தியாவும் மெல்ல மெல்லத் திறந்தது. 2023 விண்வெளிக் கொள்கைப்படி, 5 மீட்டரும் அதைவிடக் கரடுமுரடுமான இந்தியப் படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஹைதராபாத் தேசிய தொலையுணர்வு மையத்தின் 'பூநிதி' தளத்தில் போய்த் தேடுங்க. நம்ம ரிசோர்ஸ்சாட் படங்களோட சென்டினல் படங்களும் கிடைக்கும். என்னைக் கேட்டா, இது இருபது வருஷம் முன்னாடியே நடந்திருக்கணும். அன்னிக்கு ப்ராஜெக்ட் செஞ்ச பசங்க இன்னிக்கு ஒவ்வொரு தாலுகா ஏரிக்கும் ஒரு ஜாதகம் வெச்சிருப்பாங்க.

எங்கே வழுக்கும்?

இலவசம்னதும் பாய்ஞ்சு டவுன்லோடு பண்ணிடாதீங்க. நம்ம ஏரியாவுக்கே உரிய சில பள்ளங்கள் இருக்கு.

பேரை வெச்சுத் தேடவே தேடாதீங்க. ஈரோடு மாவட்டத்திலும் ஒரு பர்கூர் இருக்கு; அந்தியூர் பக்கம், மலை மேல, மாட்டுக்குப் பேர் போனது. நம்ம மாவட்டத்திலேயே பாரூர் இருக்கு. அட்சரேகை 12.5, தீர்க்கரேகை 78.4 பக்கம்னு எண் கொடுத்துத் தேடினா நம்ம பர்கூர்தான் வரும்.

இப்போ அந்த 78-க்கு வர்றேன். பூமியை 6 டிகிரி அகலத்துக்கு ஒரு மண்டலம்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. 43-வது மண்டலம் முடிஞ்சு 44 ஆரம்பிக்கிற கோடு 78 டிகிரி கிழக்கு. அது நம்ம மாவட்டத்தைச் சூளகிரி பக்கத்தில் குறுக்கே வெட்டுது! ஓசூரும் கெலவரப்பள்ளி அணையும் 43. கிருஷ்ணகிரியும் பர்கூரும் 44. ஒவ்வொரு மண்டலத்திலும் தூரத்தைப் புதுசா எண்ண ஆரம்பிப்பாங்க. அதனால் மேற்கே இருக்கிற ஓசூருக்கு 8 லட்சத்துச் சொச்சம் மீட்டர். கிழக்கே இருக்கிற பர்கூருக்கு 2 லட்சத்துச் சொச்சம் மீட்டர். நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் தூரம். கவனிக்காம ப்ரோகிராம் எழுதினா, 'ஓசூரிலிருந்து பர்கூர் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர்'னு அது சத்தியம் பண்ணும். கெலவரப்பள்ளியையும் கிருஷ்ணகிரி அணையையும் ஒரே படத்தில் வைக்கணும்னா, முதல்ல ரெண்டையும் ஒரே மண்டலத்துக்கு மாத்துங்க. கோயம்புத்தூர் காலேஜ்காரங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, கொடுத்து வெச்சவங்க.

அடுத்ததுதான் பெரிய வில்லன். பச்சையத்தை அளக்க என்.டி.வி.ஐ.ன்னு ஒரு சுலபக் கணக்கு உண்டு. செடி சிவப்பு ஒளியை உறிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். ரெண்டின் வித்தியாசத்தை ரெண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தா, பச்சைக்கு ஒரு மார்க் கிடைக்கும். நல்ல மாந்தோப்பு ஒண்ணு அகச்சிவப்பில் 30 சதவீதம், சிவப்பில் 5 சதவீதம் திருப்பி அனுப்புதுன்னு வெச்சுக்குங்க. 25-ஐ 35-ஆல் வகுங்க. 0.71. டிஸ்டிங்ஷன்!

2022 ஜனவரி 25-ல் ஐரோப்பாவில் ப்ராசஸிங் முறையை மாத்தினாங்க. இருட்டுப் பகுதிகளில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாம இருக்க, எல்லாப் புள்ளியிலும் 1000-ஐக் கூட்டி வெச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. நீங்கதான் கழிச்சுக்கணும். 3000, 500-ன்னு இருந்த அதே தோப்பு இப்போ 4000, 1500-ன்னு வரும். கழிக்காம கணக்குப் போட்டா 2500-ஐ 5500-ஆல் வகுப்பீங்க. 0.45. அதே தோப்பு, அதே இலை, அதே பச்சை. மார்க் மட்டும் 0.71-லிருந்து 0.45!

என்ன ஆகும் யோசிச்சுப் பாருங்க. 2019 படத்தையும் 2023 படத்தையும் ஒப்பிட்டு, 'கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் அழிகின்றன'ன்னு தலைப்பு போட்டு ஒரு ரிப்போர்ட் வரும். அதைக் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் கொடுப்பீங்க. தோப்பு அங்கேயே நல்லாத்தான் இருக்கும். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு: பழைய படங்களையும் திரும்ப ப்ராசஸ் பண்ணி வெளியிட்டிருக்காங்க, அவற்றிலும் இந்த 1000 இருக்கு. அதனால் தேதியை நம்பாதீங்க. படத்தோடு வர்ற மெட்டாடேட்டா ஃபைலைத் திறந்து, ப்ராசஸிங் பேஸ்லைன் எண்ணையும் 'ஆஃப்செட்' வரியையும் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. ரெடிமேட் ப்ராஜெக்ட்காரங்க அந்த ஃபைலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்கன்னு என்னால பந்தயம் கட்ட முடியும்.

மழைக்காலம் இன்னொரு தொல்லை. 2024 டிசம்பர் 2-ம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ஃபெஞ்சல் புயலின் கைவரிசை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிகளை ஏரித் தண்ணி உருட்டிட்டுப் போனதை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. அன்னிக்கு சென்டினல்-2 மேலே போயிருந்தாலும் மேகத்தின் முதுகைத்தான் படம் பிடிச்சிருக்கும். இதுக்குத்தான் சென்டினல்-1. ரேடார் அலையை அனுப்பித் திரும்பி வாங்கும். மேகமோ ராத்திரியோ அதுக்குப் பொருட்டில்லை. தண்ணி வழவழப்பா இருக்கிறதால் அலையை வேற பக்கம் தட்டிவிட்டுடும். படத்தில் கருப்பாத் தெரியும். ஆனா ஜோடியில் ஒண்ணு 2021 டிசம்பரில் பழுதாகி நின்னுபோச்சு. மிச்சமிருந்த ஒண்ணு அதே பாதையில் திரும்பி வர 12 நாள். மாற்று ஆள் சென்டினல்-1சி ஏவப்பட்டது 2024 டிசம்பர் 5-ல். ஊத்தங்கரை மழை நின்னு மூணாவது நாள்! 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசாரும் ரேடார் வகைதான். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செஞ்சது. வெள்ளத்தைப் பார்க்கிற கண்கள் கூடிக்கிட்டே வருது.

எதைப் பண்ணலாம்?

எனக்குப் பிடிச்சது ஏரிகள்தான். நெடுங்கல் அணைக்கட்டு வழியா தென்பெண்ணைத் தண்ணி வாங்கும் பாரூர் பெரிய ஏரியை எடுத்துக்குங்க. பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் வெச்சு, என்.டி.வி.ஐ. மாதிரியே தண்ணிக்கும் ஒரு கணக்கு இருக்கு. மாசத்துக்கு ஒரு மேகமில்லாத படம், 2017-லிருந்து. தண்ணிப் புள்ளிகளை எண்ணி 40-ஆல் வகுத்தா ஏக்கர். எந்த வருஷம் எந்த மாசம் ஏரி எவ்வளவு நிறைஞ்சிருந்ததுன்னு ஒரு கோடு வரையலாம். 2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் உடைஞ்சு தண்ணி வீணாப் போச்சே, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அணையின் நீர்ப்பரப்பை அளக்கலாம். மார்க்கண்டேய நதியில் கர்நாடகா யார்கோளில் கட்டின அணையையும் அதே சதுரங்களில் பார்க்கலாம். ரெண்டு மாநிலமும் கோர்ட் வரை போன விஷயம் அது. டீக்கடையில் அதைப் பத்தி ஆளுக்கொரு கதை ஓடுது. செயற்கைக்கோள் படத்தில் மாநில எல்லை வரைஞ்சு வராது. தண்ணி இருந்தா இருக்கு, இல்லேன்னா இல்லை.

கட்டடம் பிடிக்கும்னா போச்சம்பள்ளிக்குப் போங்க. 2021-ல் எழும்பின ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி இடம் 500 ஏக்கர். கிட்டத்தட்ட 20,000 புள்ளி. அந்த வருஷ ஜனவரிப் படத்தையும் அடுத்த ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைங்க. கிரானைட் குவாரி எடுக்கிறவங்க 1980-கள் வரை பின்னாடி போக லேண்ட்சாட்டைச் சேர்த்துக்கலாம். அதில் புள்ளி 30 மீட்டர். ஒரு எச்சரிக்கை: குழி பெரிசானது படத்தில் தெரியும், யாருக்கு எது வரை அனுமதி இருக்குன்னு தெரியாது. அளந்ததை மட்டும் எழுதுங்க, தீர்ப்பு எழுதாதீங்க. குவாரிக்குள்ள தனியா இறங்குற வேலையும் வேண்டாம்.

சாஃப்ட்வேர்? கியூ-ஜிஐஎஸ் இலவசம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் 'ஸ்னாப்' இலவசம். படத்தைச் சும்மா பார்க்க பிரவுசரே போதும். டவுன்லோடுக்கு ஒரு கணக்கு ஆரம்பிக்கணும், அதுவும் இலவசம். டேராடூனில் இருக்கும் இந்திய தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவச கோர்ஸ்கள் நடத்துது, சர்டிபிகேட்டும் உண்டு. சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்கணும்னு கட்டாயமில்லை. ஆர்ட்ஸ் காலேஜில் புவியியல், பொருளாதாரம் படிக்கிறவங்களுக்கும் இதில் வேலை இருக்கு. சொல்லப்போனா, எந்தத் தோப்பு யாருது, எந்த ஏரிக்கு எப்போ தண்ணி விட்டாங்கன்னு தெரிஞ்ச பையன்தான் இங்கே ஹீரோ.

ஏன்னா கடைசி ப்ராசஸிங் போலந்திலும் நடக்காது, இத்தாலியிலும் நடக்காது. கிருஷ்ணகிரி அணையில் சில மாசம் தண்ணி பச்சைப் பாசியா மாறிடும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துட்டு 'ஆஹா, வயல்!'னு சொல்லும். கெலவரப்பள்ளியில் பெங்களூர்க் கழிவு நுரையா பொங்கி வெள்ளையா நிக்கும்; அதைத் தண்ணின்னு சொல்லவே அது யோசிக்கும். ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்தா, அந்த இடத்தில் ஏரி சுருங்கிட்டதா கணக்கு காட்டும். கரையில் போய் நின்னு பார்த்தாத்தான் விஷயம் புரியும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. சென்டினல்-2 பர்கூருக்கு மேல வர்ற தேதியை முன்கூட்டியே பார்த்துக்கலாம். அஞ்சஞ்சு நாளா எண்ணினா போதும். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையா வந்தா, ரெண்டு பேரா பாரூர் ஏரிக்கரைக்குப் போங்க. காலை பத்தரை மணிக்குத் தண்ணி எது வரைக்கும் நிக்குதோ, அந்த விளிம்பில் பத்து இடத்தில் நின்னு மொபைல் ஜி.பி.எஸ். எண்ணைக் குறிச்சுக்குங்க. பாசி இருக்கா, தாமரை இருக்கா, சேறா... ஒரு வரி எழுதிக்குங்க. பக்கத்தில் மாடு மேய்க்கிற பெரியவர் "என்ன தம்பி, ஏரியைச் சர்வே பண்றீங்களா?"ன்னு கண்டிப்பா கேட்பார். போன வருஷம் தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு அவர்கிட்ட கேட்டு, அந்த இடத்தையும் குறிச்சுக்குங்க. ஒரு நாள் கழிச்சு பிரவுசரைத் திறந்தா அன்னிக்கு எடுத்த படம் வந்திருக்கும். உங்க பத்துப் புள்ளியையும் அது மேல வெச்சுப் பாருங்க. எத்தனை சரியா உட்காருதுன்னு எனக்கு எழுதுங்க.